தீராத பேட்டரி

மீட்டரின் முள் முழு சார்ஜைக் காட்டியதும் மருமகளுக்குப் பகீரென்றது.

பேட்டரியில் சார்ஜ் இருந்தால் சந்தோஷப்படத்தானே வேண்டும்? வேறு யாராவது என்றால் படலாம். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் கடை நடத்துகிறவளால் முடியாது. கம்பிச் சுருளைச் சூடாக்குவது என்ன லேசுப்பட்ட வேலையா? கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும் பென்சில் பேட்டரியை அது ஓரிரு நாளில் உறிஞ்சிப் போட்டுவிடும். மாமியாரின் சூடேற்றும் காலுறைக்குப் போன வாரம் மாற்றிப் போட்டது இன்னும் தெம்பாக இருக்கிறதென்றால் எங்கேயோ உதைக்கிறது.

பக்கத்துப் பேட்டரியில் வைத்தாள். முள் பின்பக்கமாகச் சாய்ந்தது.

அந்த ஒன்றைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். ஒன்று கொடுப்பதை மற்றது தடுத்துக்கொண்டு, இரண்டும் டப்பாவுக்குள் சும்மா படுத்திருந்தன. கம்பிக்குத் துளி கரண்ட்கூடப் போயிருக்காது.

கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் கையால் போட்டதுதான். ஊரார் வீட்டுச் சாமானையெல்லாம் நான்கு தரம் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிறவள், தன் வீட்டுச் சாமானை ஒரு தரம் தொட்டுப் பார்க்கவில்லை.

தினமும் கேட்டாள்தான். அறை வாசலில் நின்றபடியே, சூடு போதுமா அத்தை என்று கேட்பாள். போதும், இதமா இருக்கு என்று கட்டிலிலிருந்து பதில் வரும். அத்தோடு கடமை முடிந்தது என்று நகர்ந்துவிடுவாள். பேட்டரி இவ்வளவு நாள் வருகிறதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு.

இத்தனைக்கும் மாமியார் லேசில் எதையும் மெச்சுகிற ஆள் இல்லை. காபி கொடுத்தால் ஆறிப்போச்சு என்பார். சுடவைத்துக் கொடுத்தால் நாக்கு வெந்துபோச்சு என்பார். தலையணையை உயர்த்தினால் கழுத்து வலிக்கும், இறக்கினால் மூச்சு முட்டும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பிறகும் வாய் மட்டும் வீடு முழுக்க நடமாடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாய் இந்தக் காலுறையை மட்டும் புகழ்ந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் போர்வையை விலக்கிக் காட்டி, என் மருமக செஞ்சது என்றது.

புகழப் புகழ மருமகளுக்குத்தான் மனம் குறுகுறுத்தது.

பாசத்தில் செய்த காலுறையா அது? குளிர் தொடங்கியதிலிருந்து மாமியாரின் பாதங்கள் சில்லிட்டுப்போகும். சாயங்காலமானால் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட வேண்டும். கணவன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான், ஆக, அவள்தான். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஒரு பழைய ஹேர் டிரையரின் கம்பியைப் பிரித்து, அளவாக வெட்டிச் சுருட்டி, கனத்த துணிக்குள் வைத்துத் தைத்தாள். அன்றைக்குக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நன்றாகவே சூடு வந்தது.

கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, தேய்க்க நேரமில்லை என்று கணவனிடம் உள்ளதை உள்ளபடி சொல்வதாக நினைத்துச் சொன்னாள். அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. எங்கம்மாவுக்கு இப்படி ஒரு மருமகளா என்று உருகிப்போனான். தினமும் காலையில் மாட்டிவிட்டு, சுவிட்சை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவான். நாத்தனார் போன் பண்ணி, பெற்ற மகள் எனக்கு இது தோன்றவில்லையே என்று ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து, என் மாமியாருக்கும் ஒன்று செய்து கொடு என்றாள்.

மருமகள் எதையும் மறுக்கவில்லை. தேடி வருகிற நல்ல பெயரை யார்தான் வேண்டாமென்பார்கள்?

நாத்தனாருக்குச் செய்வதற்கு அளவெடுக்கலாம் என்றுதான் இன்று கடைக்குப் போகும் முன் மாமியாரின் கட்டிலோரம் வந்து, கையோடு சார்ஜையும் பார்த்துவிடலாம் என்று பேட்டரி டப்பாவைத் திறந்தாள். வந்த இடத்தில் இப்படி.

அவசரமாகக் காலுறையைக் கழற்றினாள். பாதம் பனிக்கட்டியாக இருந்தது. ஐயோ, காலில் உணர்ச்சியே போய்விட்டதோ, அதனால்தான் சூடில்லாததும் தெரியவில்லையோ? டாக்டரிடம் என்ன சொல்வது, கணவனிடம் என்ன சொல்வது? பெருவிரலை மெல்லக் கிள்ளிப் பார்த்தாள்.

“ஏண்டி கிள்ளுற? நகத்தை வெட்டுற வழக்கமே கிடையாதா?”

உணர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் குளிரும் தெரிந்திருக்கிறது. வாரம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

அவள் கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேட்டரியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் அத்தை, என் தப்புதான், இத்தனை நாளாகச் சூடே வந்திருக்காதே, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

மாமியார் திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“சொன்னா மறுபடியும் நீதானே தேய்ச்சு விடணும். ஒவ்வொரு தடவையும் தேய்ச்சுட்டுப் போயி, சோப்பு மேல சோப்பு போட்டுக் கையைக் கழுவுவ. அந்தத் தண்ணிச் சத்தம் இங்க வரைக்கும் கேக்கும்.”

இல்லை என்று சொல்ல மருமகளுக்கு ஒரு பொய்கூட அகப்படவில்லை.

இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கடை திறக்கிற நேரம் தாண்டிப்போயிற்று. பாதங்கள் எப்போதோ சூடேறிவிட்டன.

கையை எடுக்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.