நீலக்காய் விதை

லடாக் மலையில் நாற்றுப்பண்ணை நடத்திய மங்கையர்க்கரசி, அங்கேயே வளரும் ஜூனிப்பர் மரத்தின் நீலக்காய்களைப் பொறுக்கித் தொட்டியில் விதைத்திருந்தாள். இரண்டு பனிக்காலம் கடந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. அவள் மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் கோடையில் கணவர் செங்குட்டுவன் கூப்பிட்டார்.

“புள்ள, தொட்டியில களை மொளச்சிருக்குது. புடுங்கிப் போடட்டுமா?”

அவள் ஓடிவந்து குனிந்தாள். ஊசி ஊசியாய்ப் பச்சை. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினாள்.

“களையில்லீங்க. மோந்து பாருங்க.”

ஜூனிப்பரின் பிசின் வாசம். அவர் அப்படியே மண்டியிட்டார்.

“நம்ம உசரம் வளர எத்தனை வருசமாகும்?”

“முப்பது நாப்பது ஆகுங்க.”

“ஆகட்டும். நமக்கென்ன அவசரம்?” என்றார் அறுபத்திரண்டு வயதுக்காரர், உள்ளங்கையால் தண்ணீர் தெளித்தபடி.