மறுமுனை

யுத்தம் முடிந்து எல்லார் கையிலும் போன் வந்துவிட்டதால், உப்பளத்தின் அலுவலகமான கந்தோரிலிருந்து காவல் குடிலுக்குப் போன பழைய டெலிபோன் வயரைக் கழற்ற நினைத்தோம். மின்சுற்றுப் பாடம் நடத்தும் என் மச்சான் ஹஸ்மி, அதற்கு முன் பேட்டரியையும் மீட்டரையும் அதில் மாட்டினார்.

“இங்க ரெண்டு முனை, அங்க ரெண்டு முனை. நடுவுல என்ன கிடந்தாலும் நமக்கென்ன? அங்க போனைக் கீழ வெச்சிருந்தா இங்க மீட்டர் முள் எழும்பாது, தூக்கினா எழும்பும். மாட்டுக்கும் விளங்கும்.”

முள் எழும்பியது.

“அங்க போனே இல்ல, மச்சான். காவல்காரர் மவுத்தாகி அடக்கினதும் குடிலை இடிச்சிட்டோம்.”

ஜன்னலுக்கு வெளியே, உப்புப் பாத்திகளுக்கு அப்பால், குடில் இருந்த இடத்துக் கம்பத்தில் இரண்டு வயர்களின் முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கின.

“அப்ப மீட்டர் பொய் சொல்லுதா? உங்கட ஆள் ஒருத்தன்தான் தூக்கி வெச்சிருக்கான்.” நாயை விரட்டுவதுபோல் வயரைப் பார்த்துக் கத்தினார்: “போனை வையடா!”

முள் உடனே இறங்கியது.