கரண்டுக்காரனின் இருட்டு

கார் பட்டறையின் ஓட்டைத் தகரக் கூரை வழியே மாலை வெயில் கோடு கோடாக விழுகிறது. தரையில் வைத்த ஸ்பீக்கர் டும், டும் என்று அதிர, பக்கத்து டப்பாவில் திருகாணிகள் துள்ளுகின்றன. இன்றைய ராப் போட்டியில் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் மோதுகிறார்கள். மெக்கானிக் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, தாளம் தப்பாமல் வீசுகிறான்: “ஊருக்கெல்லாம் குடுப்பான் கரண்டு, லைட்டை அணைச்சா படுப்பான் மிரண்டு!” “மச்சான், செத்தடா நீ!” என்று யாரோ கத்த, பட்டறையே கைதட்டிச் சிரிக்கிறது. எலக்ட்ரீஷியனும் சிரித்து வைக்கிறான். ஆனால் காது மடல் சுடுகிறது. இருட்டில் அவனுக்குத் தூக்கம் வராது என்பது மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். வீட்டுச் சுவருக்குக் காது இருக்கலாம், வாய் எப்போது முளைத்தது? அவள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவன் பார்ப்பது தெரிந்ததும், “என்னங்க, விடாதீங்க! திருப்பிக் குடுங்க!” என்கிறாள். குரலில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. மெக்கானிக் அடுத்த வரிக்கு மூச்சை இழுக்கிறான். அவன் வாயிலிருந்து இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. அதற்குள் அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கத் தொடங்குகின்றன.