யார் பெயரிலும் இல்லாத தண்ணீர்

"இண்டைக்கு வரவேண்டிய தண்ணி முறை எங்க போன, மகள்?"

விவசாயச் சங்கக் கந்தோருக்குள் இப்றாஹிம் நுழைந்த வேகத்தைக் கண்டு நிஸ்மியா எழும்பி நின்றாள். வயலுக்குத் தண்ணீர் முறை பிரிக்கும் செயலியை எழுதியவள் அவள்தான். வந்திருப்பவரோ, வரம்புத் தகராறில் பக்கத்து வயல் அழகரத்தினத்தைக் நீதிமன்றம் வரைக்கும் இழுத்தவர்.

கணினியில் பார்த்தாள். முறை இப்றாஹிமின் பெயரில் இல்லை. வேறு எவர் பெயரிலும் இல்லை.

"போனில எதையாச்சும் அமத்தினீங்களா, மாமா?"

"ஓம். முறை மாத்துற இடத்த அமத்தினன்."

அவளுக்கு விளங்கிவிட்டது. முறை மாற்றுவதென்றால் ஒரு பெயரை அழித்து இன்னொன்றை எழுத வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லாவிட்டால் இரண்டுமே நடக்காது என்று, செயலி எழுதத் தான் பாவித்த ஃப்ரேம்வர்க் என்ற ஆயத்த மென்பொருளை நம்பியிருந்தாள். அடியில் பெயர்களைச் சேமித்து வைத்திருந்த டேட்டாபேஸுக்கு அந்த ஒழுங்கே தெரியாது. பெயரை அழித்த கையோடு இணைப்பு அறுந்திருக்கிறது. அழிந்தது அழிந்ததுதான், மற்றப் பெயர் ஏறவேயில்லை.

"பிழை என்னிலதான், மாமா. கொஞ்சம் இருங்க."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

வேலை பாதியில் நின்றால் எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிடும் வரிகளை அவளே எழுதிச் சேர்த்தாள். இப்றாஹிமின் பெயரை மறுபடி எழுதி, மாற்றத்தின் நடுவில் இணைப்பை வேண்டுமென்றே அறுத்துப் பார்த்தாள். அழிந்த பெயர் திரும்பி வந்தது. மூச்சும் வந்தது.

"முறை உங்கட பேருக்கே திரும்பி வந்திட்டு, மாமா. பின்னேரம் மடை திறப்பாங்க."

இப்றாஹிமின் முகம் இன்னும் கறுத்தது.

"எனக்கு எதுக்கு? என்ட வயலுக்குத் தண்ணி போதும். அழகரத்தினத்தார்ர வயல்தான் கதிர் வாற நேரத்தில வெடிச்சிக் கிடக்கு. அவருக்குத்தான் மாத்தினன்."

நிஸ்மியா திரும்பவும் விசைப்பலகையை இழுத்தாள். முறையை அழகரத்தினத்தின் பெயருக்கு மாற்றினாள். இந்தமுறை இரண்டும் நடந்தன. மடை திறக்கும் வட்டை விதானைக்குச் செய்தியும் போனது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று எழும்பியவர், வாசலில் நின்று குரலைத் தணித்தார்.

"அவர் வந்து கேட்டா, கம்பியூட்டர் பிழையாக் குடுத்திட்டு எண்டு சொல்லுங்க, மகள். நான் எண்டு தெரிஞ்சா மடைய மூடிப்போடுவார்."