வெறுங்கைக் கோஷ்டி

மூன்றாவது ஸ்பூன் சர்க்கரையை டீயில் போட்டுவிட்டு, மாஸ்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மூணு போட்டுட்டேன்," என்றார், அவள் ஒருவேளை கவனிக்கவில்லையோ என்று.

"சரிங்க," என்றாள் அவள்.

மாஸ்டருக்கு அந்த டீ இனிக்கவே இல்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பகலெல்லாம் காரில் உட்கார்ந்து ஊராருக்கு "பிரேக், பிரேக்!" என்று கத்துகிறவருக்கு, வீட்டில் பிரேக் போடுகிறவள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவர் கை எந்தத் தட்டை நோக்கி நீண்டாலும் "ஏங்க!" என்று ஒரு குரல் வரும். சில மாதங்களாக அந்தக் குரலைக் காணவில்லை.

அவருக்குச் சுகர் ஏறிவிட்டது என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தவளே அவள்தான். நடை, சாப்பாடு, தூக்கம் இதையெல்லாம் மாற்றினால் சுகர் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. வந்தவர்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்குப் புது ஷூவும், தினமும் போனில் விரட்ட ஓர் ஆளும். மாஸ்டருக்குக் கிடைத்தது, "நடங்கள், இனிப்பைக் குறையுங்கள்" என்று அச்சடித்த ஒரு நோட்டீஸ்.

"நான் மட்டும் வெறுங்கையா மேடம்?"

ஆராய்ச்சி டாக்டர் சிரித்தார். "ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒவ்வொரு மாதிரி சார். சில விஷயத்தைக் கடைசி நாள்லதான் சொல்வோம்னு சேரும்போதே சொன்னோமே!"

மாதாமாதம் போனால் ரத்தம் எடுத்து, எடை பார்த்து, அவரைச் சட்டென்று அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டு விவரம் சொல்ல என்று உள்ளே போகிற மனைவி மட்டும் வெளியே வர வெகு நேரமாகும். 'சுகர் எனக்கு, கவனிப்பு இவளுக்கா!' என்று மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுப்பார்.

பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் மச்சானின் டயர் கடைக்குப் போய்விட்டார். "உன் தங்கச்சி என்னைத் திட்டுறதையே விட்டுட்டா மச்சான்."

"அதுக்கு அழுவியா மாப்பிள்ளை? வாங்கி வந்த வரம், அனுபவி!"

"வெளையாடாத. பாசம் இருக்கிற இடத்துலதான் திட்டு வரும். அவ என்னைக் கைகழுவிட்டா."

காற்று அடித்துக்கொண்டிருந்த மச்சான் கையை நிறுத்தினார். "அப்படியே இருந்தாலும், உன் உடம்பை இனிமே நீதான் பாத்துக்கணும். வேற யாரு பாப்பா?"

மாஸ்டர் எழுந்து கிளம்பினார். வழியில் பேக்கரியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவியின் கண்ணெதிரே பெட்டியைத் திறந்தார். இதற்கும் வாய் திறக்கமாட்டாளா, பார்த்துவிடலாம்!

அவள் கேக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விடுவிடுவென்று சமையலறைக்குள் போனாள். உள்ளே ஏதோ பாத்திரம் ணங்கென்று விழுந்தது. அவ்வளவுதான்.

கேக் துண்டு கையிலேயே நின்றது. 'நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா? அவளுக்கு நாம வேண்டாதவனாவே இருந்துட்டுப் போறோம். அவளுக்கு நம்மளை விட்டா யாரு இருக்கா?' மாஸ்டர் துண்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் டீயில் சர்க்கரை விழவில்லை. சாயங்காலம் ஸ்கூல் காரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வீடுவரை நடந்தே வந்தார். வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நடை பழகிவிட்டது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. மனசு மட்டும் இளைக்காமல் கனத்துக் கிடந்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார்.

"என் மேல கோவமா?"

"இல்லையே."

"அப்ப ஒரே ஒரு தடவை திட்டேன்."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவிடுக்கில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழவைத்துவிட்டோமே என்று மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவளைச் சந்தோஷப்படுத்த வேறு வழி தெரியாமல், மறுநாள் இன்னும் ஒரு தெருவைச் சுற்றி நடந்தார்.

ஆராய்ச்சியின் கடைசி நாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சுகர் நல்லா இறங்கியிருக்கு சார். எடையும் குறைஞ்சிருக்கு. ஷூ வாங்கினவங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க!"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினார். ஆனால் பேச்சு வேறு மாதிரி வந்தது. "எல்லாம் நானா செஞ்சது மேடம். நீங்களும் ஒண்ணும் தரல. வீட்லயும் ஏன்னு கேக்க நாதியில்ல." பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியை அவர் பார்க்கவில்லை. கண் கலங்கிவிடும் போலிருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் தரல, உண்மைதான்," என்றார் டாக்டர். "ஆனா இருக்கிறதிலேயே கஷ்டமான பயிற்சி உங்க கோஷ்டியிலதான் சார்."

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். டாக்டர் அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஆராய்ச்சி முடிஞ்சுதும்மா. இனிமே நீங்களே சொல்லலாம்."

அவள் மூச்சை ஆழமாக இழுத்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயிற்சி எனக்குங்க... உங்களை ஒரு வார்த்தைகூட திட்டாம இருக்க!"