சேவியரின் பாட்டு

மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்கின் மாடியறைக்குள் சாய்ந்த வெயில் லேப்டாப் விசைகளின் மேல் கிடக்கிறது. மகா போக முடியாத ஓணவிழாவில் அவள் கணவன் சேவியர் பாடிய பாட்டு திரையில் ஓடுகிறது; வாய் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. வால்யூமைக் கடைசிவரை ஏற்றிவிட்டு, சேவியர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் குனிந்திருக்கிறான். மகா லினக்ஸ் டெர்மினலில் ஒலி அளவுகளைக் காட்டும் மிக்சரைத் திறக்கிறாள். எல்லாம் உச்சத்தில் நிற்க, ஸ்பீக்கர் மட்டும் மியூட்டில் இருக்கிறது. ஒரு விசையைத் தட்டுகிறாள். சேவியரின் குரல் வெடித்துக் கிளம்பி, சுருதி விலகி, அறையை நிறைக்கிறது. அவன் துள்ளி எழுகிறான். கீழே சுக்குப் புடைக்கும் பெண்களின் முறத்தோசை நிற்கிறது. அவர்களின் சிரிப்பு படியேறி வருகிறது. "ஐயோ, சத்தத்தக் கொறை மகா! சேச்சிமாரு கேக்குறாங்க." மகா விசைகளிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் ஊன்றிக்கொள்கிறாள். "கேக்கட்டுமே. நானே இப்பதான் கேக்குறேன்."