அடுத்த நாற்காலிக்காரி

நூறு பேர் கூடி வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்ட சர்வர் மென்பொருள் அது. இருந்ததோ ஒரு லேப்டாப்புக்குள், சோதனைக்காக உருவாக்கிய மெய்நிகர் கணினியில்.

வீட்டிலிருந்தே தனியாக வேலை பார்க்கும் தமயந்திதான் அதை நிறுவினாள். சோதித்துப் பார்க்க இரண்டு பெயர்களைச் சேர்த்தாள். ஒன்று அவளுடையது. மற்றது நசீமா, பழைய அலுவலகத்தில் அடுத்த நாற்காலியில் இருந்தவள்.

"ஆள் வந்தாச்சு!" என்று துள்ளியது சர்வர்.

தமயந்தி வந்து, "சாப்பிட்டியா?" என்று எழுதிவிட்டுப் போனாள். பிறகு நசீமா வந்து, "இன்னும் இல்லடி, நீ?" என்று எழுதினாள்.

"ஏண்ணே, ஒருத்தர் போனப்புறம்தான் இன்னொருத்தர் வராங்க? ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிறதை ஒரு தடவையாவது பாக்கணும்ணே" என்றது சர்வர், லேப்டாப்பிடம்.

இரண்டு பெயரிலும் தட்டியவை ஒரே பத்து விரல்கள் என்று லேப்டாப்புக்குத் தெரியும்.

சோதனை முடிந்தது. தமயந்தி வழக்கம்போல, முன்பே எடுத்து வைத்திருந்த நகலுக்கு எல்லாவற்றையும் திருப்பினாள். நடந்தது அத்தனையும் அழிந்துபோக, சர்வர் புதிதாகக் கண் விழித்தது.

"அண்ணே, யாராவது வருவாங்களா?"

நாற்பதாவது முறையாக லேப்டாப் சொன்னது: "வருவாங்க."

தமயந்தி வந்தாள். "சாப்பிட்டியா?" என்று எழுதினாள். ஆனால் இம்முறை வெளியேறி நசீமாவாகத் திரும்பி வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சர்வர் மெல்லக் கேட்டது: "அண்ணே, இவங்களும் என்னை மாதிரி யாராவது வருவாங்களான்னு காத்திருக்காங்களா?"